ஆஸ்பத்திரிக்காக வித்த பிரியாணி: சோத்துக்கு மூணரை, கணக்குக்கு அஞ்சு

முதல்லயே சொல்லிடறேன், பிரியாணி ஆஹா ஓஹோன்னு எல்லாம் இல்ல, நல்லா இருந்துச்சு, அவ்ளோதான். ஆனா வெறும் பிரியாணின்னா ரெண்டு வரில முடிச்சிட்டு போயிருப்பேன், இவ்ளோ நீளமா எழுத வெச்சது கவுண்டர் பக்கத்துல செவுத்துல ஒட்டியிருந்த ஒரு சார்ட் பேப்பர்.

விஷயம் என்னன்னா, நம்ம கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துல ஞாயித்துக்கிழமை மதியம் சிக்கன் பிரியாணி பார்சல் போட்டாங்க. கடை கிடையாது, ஹோட்டல் கிடையாது, ஒரு ஃப்ரெண்ட்ஸ் குரூப்பு. ஆட்டோ ஓட்டற அண்ணனுங்க ரெண்டு மூணு பேரு, ஒரு சமையல் மாஸ்டர், பேங்க்ல கேஷியரா இருந்து ரிட்டயர் ஆன ஒரு சார், மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கற ஒரு அக்கா, அப்புறம் பார்சல் கட்ட காலேஜ் பசங்க. பேரு போடாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால போடல. வர்ற லாபம் மொத்தமும் ஒரு அரசு ஆஸ்பத்திரியோட பச்சக்கொழந்தைங்க ஐசியூவுக்கு, அதாவது எஸ்என்சியூன்னு போர்டு இருக்குமே, கொற மாசத்துல பொறந்தது, வெயிட் கம்மியா பொறந்தது, மஞ்சக்காமாலை, மூச்சு திணறல்னு கொழந்தைங்கள வெச்சு பாக்கற அந்த வார்டுக்கு. கறிச்சோறு போட்டு பணம் சேக்கறது ஒண்ணும் நமக்கு புதுசு இல்ல, பேராவூரணி கீரமங்கலம் பக்கம் ஆடி மாசம் வந்தா மொய் விருந்துன்னு பந்தல் போட்டு அமர்க்களம் பண்ணுவாங்க, கேரளாவுல பிரியாணி சேலஞ்ச்னு வாட்ஸப்ல ஓடும். மொய்னா திருப்பி செய்யணும், இங்க அந்த தொல்லை இல்ல, காச குடுத்தமா பார்சல வாங்குனமான்னு போயிட்டே இருக்கலாம்.

சரி சாப்பாட்டுக்கு வருவோம். அரிசி சீரக சம்பா. இதுக்கே மாஸ்டருக்கு ஒரு கும்பிடு, ஏன்னா மொத்தமா ஆக்கறப்ப எல்லாரும் பாஸ்மதி போட்டு தப்பிச்சிக்குவாங்க, சீரக சம்பால தண்ணி கொஞ்சம் கூடுனாலும் களியாயிடும், அடுப்பு கொஞ்சம் சுணங்குனாலும் நடுவுல அரிசி பல்லுல கடிபடும். இவரு விறகடுப்புல, தேக்சா மூடி மேல கங்கு அள்ளி போட்டு தம் கட்டுனாரு. நான் வாங்குனது உதிரியா, அடி ஒட்டாம இருந்துச்சு. மசாலா கொஞ்சம் அடக்கி வாசிச்சிருந்தாங்க, வயசானவங்க, சின்ன பசங்க எல்லாம் சாப்புடுவாங்கன்னு காரம் கம்மி பண்ணிட்டாங்களாம், எனக்கு அது கொறைதான். கோழி ரெண்டு பீஸ், ஒண்ணு நல்ல தொடை, இன்னொண்ணு கழுத்தா முதுகான்னு தெரியல, எலும்பு மட்டும் இருந்துச்சு. தயிர் வெங்காயம் புளிச்சு போச்சு, மதியம் ஒண்ணரை மணி வெயில்ல டப்பால அடைச்சு வெச்சா புளிக்காம என்ன பண்ணும், இத அவங்க யோசிச்சிருக்கணும். பிரட் அல்வா வழக்கம் போல ஒரே இனிப்பு, நான் தொடல, வீட்ல பொண்ணு சாப்புட்டா.

ஆனா அந்த கத்திரிக்கா கொத்சு! சிதம்பரம் ஸ்டைல், கத்திரிக்காய நல்லா வேக வெச்சு மசிச்சு, புளி ஊத்தி, கொத்தமல்லியும் மொளகாயும் வறுத்து அரைச்ச பொடி போட்டு, நல்லெண்ண மேல மெதக்குது. நடராஜர் கோயில் சம்பா சாதத்துக்கு தொட்டுக்கற ஐட்டத்த பிரியாணிக்கு போட்டா எப்படி இருக்கும்னு கேக்காதீங்க, போட்டு பாருங்க. மாஸ்டருக்கு சொந்த ஊரு புவனகிரி பக்கமாம். பிரியாணி தீந்த பிறகு வெறும் கொத்சுக்கு வீட்ல தோசை ஊத்துனாங்க, அவ்ளோதான் சொல்வேன்.

பேக்கிங் ஓகே. லைன் தான் மோசம். டோக்கன் வாட்ஸப்ல முன்னாடியே குடுத்துட்டாங்க, அப்புறமும் எதுக்கு லைன்னா, பணம் வாங்க ஒரே ஒரு போனு, ஒரே ஒரு க்யூஆர், அந்த ஸ்பீக்கர் பொட்டி பணம் வந்துச்சுன்னு சொல்ற வரைக்கும் ஒருத்தரும் நகர முடியல, நடுவுல நெட்டு வேற போயிடுச்சு. 12 மணிக்கு தரோம்னு சொன்ன பார்சல் கைக்கு வர ஒண்ணே கால் ஆச்சு. இவ்ளோ கூட்டத்துக்கு மூணு க்யூஆராவது வெக்கணும்.

அந்த லைன்ல நிக்கற நேரத்துல தான் சார்ட்ட படிச்சேன். ஸ்கெட்ச் பேனால எழுதியிருந்தாங்க. ஒரு பார்சல் 220 ரூபா. அதுல அரிசி இவ்ளோ, கோழி இவ்ளோ, எண்ணெ மசாலா இவ்ளோ, விறகு, டப்பா, மண்டபத்துக்கு கரண்ட் பில், எல்லாம் சேத்து 134. மீதி 86 வார்டுக்கு. மாஸ்டர் கூலி வாங்கல, அதுவும் போட்டிருந்துச்சு. எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான். "உங்க 220 ரூபாயும் பச்சிளம் குழந்தைகளுக்கே"ன்னு ஃப்ளெக்ஸ்ல அடிச்சிருந்தா யாரு கேக்க போறா, ஜனம் கண்ணுல தண்ணி வெச்சிகினு வாங்கிட்டு போயிருக்கும். 86ன்னு எழுத ஒரு தைரியம் வேணும். நேரடியா குடுக்கணும்னு நெனைக்கறவங்க பார்சலே வாங்காம காச போடலாம், அது முழுசா போயிடும்னு கீழ ஒரு வரி. ரிட்டயர்டு கேஷியர் சார் வேலைதான் அது, கணக்கு நோட்டு பாத்தீங்கன்னா பேங்க் லெட்ஜர் தோத்துடும்.

சார்ட்டோட இன்னொரு பாதிதான் முக்கியம். என்ன வாங்க போறோம்னு ஒரு லிஸ்ட்டு. இங்க என் தொழில சொல்லிடறேன், நான் ஆஸ்பத்திரி மெஷின் சர்வீஸ் பாக்கற ஆளு, பாண்டி விழுப்புரம் கடலூர்னு சுத்திகினே இருப்பேன், அதனால இந்த லிஸ்ட்ட பாத்ததும் ஒரு நிமிஷம் அசந்துட்டேன். பொதுவா இந்த மாதிரி வசூல் பண்றவங்க வாங்கறது என்ன தெரியுமா, வார்மர் இல்லனா இன்குபேட்டர், ரெண்டும் கொழந்தைய சூடா வெச்சிருக்கற மெஷின். பெருசா இருக்கும், போட்டோவுல நல்லா விழும், முன்னாடி பக்கம் பேர் போட எடம் இருக்கும். கோயில் ட்யூப்லைட்ல உபயம்னு எழுதி எழுதியே வெளிச்சம் வராம பண்ணுவாங்களே, அந்த கதைதான். ஒரு ஊருல, எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன், தானமா வந்த வார்மர் ஒண்ணு ஸ்டோர் ரூம்ல பிளாஸ்டிக் கவர் போத்தி சும்மா நிக்கறத நானே பாத்திருக்கேன். உள்ள மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல, ஸ்கின் ப்ரோப் ஒயரு ஒடஞ்சிருக்கு, அந்த கம்பெனி ப்ரோப் தவிர வேற சேராது, குடுத்தவங்க வாங்கி தர மாட்டாங்க, ஏன்னா ஒயருல யாரு பேர எழுதறது.

இந்த குரூப்பு லிஸ்ட்ல வார்மரே இல்ல. ப்ரோப் இருந்துச்சு.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். நாம கண்ணாடிப் பொட்டில வெச்சிருக்காங்கன்னு சொல்றோமே, நம்ம ஊரு அரசு ஆஸ்பத்திரிங்கள்ல பாதிக்கு மேல பொட்டியே கிடையாது, தொறந்த படுக்கை, மேல ஹீட்டர், அதுதான் வார்மர். கொழந்தை வயித்துல பட்டன் சைஸ்ல ஒரு சென்சார் ஒட்டுவாங்க, அதான் ப்ரோப். உடம்பு சூட்ட அது சொல்லும், 36.5 டிகிரின்னு செட் பண்ணி வெச்சா மெஷின் தானா ஹீட்ட ஏத்தி எறக்கிக்கும். ப்ரோப் போச்சுன்னா மேனுவல்ல ஓட்டணும், அப்ப சிஸ்டர் தான் நேரத்துக்கு நேரம் தெர்மாமீட்டர் வெச்சு பாத்து ஹீட்ட கூட்டி கொறைக்கணும், ஒரு ஷிஃப்ட்ல ஒரு சிஸ்டர் எத்தனை கொழந்தைய பாக்க முடியும்னு நீங்களே யோசிங்க. அத விட மோசம் ப்ரோப் பாதி ஒட்டி பாதி கழண்டு இருக்கறது. கொழந்தை சில்லுனு இருக்குன்னு மெஷின் ஏமாந்து ஹீட்ட ஏத்திகினே போகும். ஒயரு தானேன்னு நெனைக்கற சமாச்சாரம் எங்க கொண்டு போயி விடுது பாருங்க.

அப்புறம் லிஸ்ட்ல இருந்தது, ஆக்சிஜன் அளவு பாக்கற சென்சார், விரல்ல மாட்ற கிளிப் இல்ல, பச்சக்கொழந்தை பாதத்துல சுத்தற சின்ன பட்டை. அது சீக்கிரம் போயிடும், கொழந்தை ஒதைக்கும், ஒயரு நையும். ஆனா அது இல்லாம ஆக்சிஜன் வெக்கறது கண்ண கட்டிகினு வண்டி ஓட்டற வேலை. கொற மாச கொழந்தைக்கு ஆக்சிஜன் கம்மியானாலும் ஆபத்து, அதிகமானாலும் ஆபத்து, 90ல இருந்து 95க்குள்ள நிறுத்தணும்னு டாக்டருங்க பாடா படுவாங்க. அதிகமா போனா கண்ணுல ரெட்டினா கெட்டு பார்வையே போற நோய் ஒண்ணு இருக்கு, ஆர்ஓபின்னு சொல்வாங்க, அதுக்குத்தான் 2 கிலோவுக்கு கீழ பொறந்த கொழந்தைங்களுக்கு ஒரு மாசத்துக்குள்ள கண் டெஸ்ட் பண்ண சொல்றது. இத படிக்கற யாராவது வீட்ல அப்படி ஒரு கொழந்தை இருந்தா கொழந்தை நல்லா தானே இருக்குன்னு அந்த டெஸ்ட்ட மட்டும் தள்ளி போடாதீங்க.

பபிள் சிபாப் மெஷினுக்கு மூக்குல வெக்கற ப்ராங்ன்ற சின்ன குழாய், சைஸ் வாரியா. இது ஒரு அழகான மெஷின்ங்க, எனக்கு ரொம்ப புடிச்ச மெஷின். கொழந்தை நுரையீரல் சுருங்கிடாம லேசா ஒரு காத்து அழுத்தம் குடுத்துகினே இருக்கணும், அதுக்கு குழாயோட மறு முனைய தண்ணி பாட்டில்ல முக்கி வெப்பாங்க, 5 சென்டிமீட்டர் ஆழம்னா 5 சென்டிமீட்டர் ப்ரஷர், கொப்புளம் வருதான்னு பாத்தாலே வேலை செய்யுதான்னு தெரிஞ்சிடும். 1971ல தான் கிரிகோரின்னு ஒரு டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் சிபாப்ப கொழந்தைங்களுக்கு வெச்சு பாத்து எழுதுனாங்க. அதுக்கு எட்டு வருஷம் முன்னாடி, 1963ல, அமெரிக்க ஜனாதிபதி கென்னடியோட பையன் அஞ்சரை வாரம் முன்னாடி பொறந்து, 2 கிலோவுக்கு மேல வெயிட் இருந்தும், நுரையீரல் முதிரலன்னு 39 மணி நேரத்துல செத்து போச்சு. ஜனாதிபதி புள்ள, இல்லாத வசதி இல்ல. இன்னிக்கு அந்த வெயிட்ல பொறந்த கொழந்தைங்க நம்ம மாவட்ட ஆஸ்பத்திரில இருந்து சர்வ சாதாரணமா வீட்டுக்கு போகுதுங்க. ஆனா ப்ராங் சைஸ் சரியா இல்லனா காத்து ஓரத்துல கசிஞ்சு பாட்டில்ல கொப்புளமே வராது, இல்லனா மூக்குத் தண்டுல அழுத்தி புண்ணாக்கிடும். அவ்ளோ பெரிய மெஷின் ஒரு ரப்பர் துண்டுக்காக சும்மா நிக்கும்.

இந்த லிஸ்ட்ட யாரு குடுத்தான்னு கேட்டேன். மெடிக்கல் ஷாப் அக்கா, "வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட போயி உக்காந்து எழுதிகினு வந்தோம் சார், டாக்டர் அம்மா கையெழுத்து போட்டாங்க"ன்னாங்க. இதுதான் வேணும். வார்டுல எது எப்ப காலை வாரும்னு சிஸ்டருக்கு தெரியற அளவுக்கு டீனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மஞ்சக்காமாலைக்கு நீல லைட்ல படுக்க வெக்கறாங்களே, அதோட ஆரம்பமே ஒரு நர்ஸ் தான். 1956ல இங்கிலாந்துல எசெக்ஸ் பக்கம் ரோச்ஃபோர்டு ஆஸ்பத்திரில வார்டுன்ற பேருல ஒரு சிஸ்டர், கொழந்தைங்கள நல்ல வெயில் நாள்ல வெளிய தோட்டத்துக்கு கொண்டு போவாங்க, வெயில் பட்ட எடத்துல மஞ்சள் கொறஞ்சு துணி மூடுன எடத்துல மட்டும் அப்படியே இருக்கறத டாக்டருங்ககிட்ட காட்டுனாங்க. அதுல இருந்து பொறந்தது தான் போட்டோதெரபி. இத படிச்சிட்டு வீட்ல மஞ்சளா இருக்கற கொழந்தைய மொட்டை மாடில போட்டுடாதீங்க, ஆஸ்பத்திரிக்கு தூக்கிகினு ஓடுங்க.

லிஸ்ட்ல எனக்கு ஆச்சரியமா இருந்த ஒரு ஐட்டம், சாஞ்சு உக்கார்ற சேரு. ஐசியூவுக்கு எதுக்குடா சேருன்னு என் பின்னாடி நின்னவரு கூட கேட்டாரு. கங்காரு கேர்க்கு. கொழந்தைய துணி இல்லாம அம்மா நெஞ்சோட நெஞ்சா ஒட்டி வெச்சு கட்டிக்கறது. கொலம்பியா நாட்டுல பொகோட்டால 1978ல, இன்குபேட்டர் பத்தாம ஒரே இன்குபேட்டர்ல ரெண்டு மூணு கொழந்தைங்கள போட்டு நோய் தொத்தி செத்துகினு இருந்தப்ப, எட்கர் ரேன்னு ஒரு டாக்டர் வேற வழி இல்லாம ஆரம்பிச்சது. 2021ல ஒரு பெரிய ஆராய்ச்சி வந்துச்சு, அஞ்சு நாட்டுல பண்ணாங்க, நம்ம டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் அதுல உண்டு, 1 கிலோவுல இருந்து 1.8 கிலோவுக்குள்ள இருக்கற கொழந்தைங்கள பொறந்த உடனேயே இப்படி வெச்சதுல சாவு கால்வாசி கொறைஞ்சிருக்கு. மெஷின் விக்கற கம்பெனிக்காரன் யாரும் இத சொல்ல மாட்டான். ஆனா ஒரு அம்மா ஆபரேஷன் பண்ண வயித்தோட அந்த நீல்கமல் பிளாஸ்டிக் ஸ்டூல்ல எத்தனை நேரம் உக்காருவா? அரை மணிக்கு மேல தாங்காது. சாஞ்சு உக்காந்தா நாலு மணி நேரம் வெச்சிப்பா, தூங்கவே தூங்குவா. அதுக்கு சேரு. ரெக்சின் துடைக்கற மாதிரி இருக்கணும், துணி வேணாம்னு கூட சிஸ்டர் சொல்லி அனுப்பியிருக்காங்க.

அதே லிஸ்ட்ல ஸ்டீல் பாலாடை, நம்ம வீட்ல சங்குன்னு சொல்வோமே அதேதான், ஒரு டஜன். உறிஞ்சி குடிக்க தெம்பு இல்லாத கொழந்தைக்கு அம்மா பால பீச்சி அதுல வெச்சு சொட்டு சொட்டா விடுவாங்க. கொதிக்கற தண்ணில போட்டு எடுக்கலாம், ஒடையாது. லிஸ்ட்லயே விலை கம்மியான ஐட்டம் அதுதான்.

நான் நிக்கறப்பவே ஒரு பெரியவரு பை நெறைய பால் பவுடர் டின்னும் ஃபீடிங் பாட்டிலும் தூக்கிகினு வந்தாரு, பேரன் பொறந்த சந்தோஷமாம். கேஷியர் சார் எழுந்திருச்சு நின்னு, "ஐயா தப்பா எடுத்துக்காதீங்க, இத மட்டும் எங்களால வாங்க முடியாது"ன்னாரு. பெரியவரு மொகம் சுருங்கி போச்சு. அப்புறம் பக்கத்துல உக்கார வெச்சு பொறுமையா சொன்னாரு, 1992லயே சட்டம் இருக்குங்கய்யா, பால் பவுடரும் பாட்டிலும் இப்படி தானமா குடுக்க கூடாது, அநாதை இல்லத்துக்கு மட்டும் தான் விலக்கு, தாய்ப்பால் கெட்டுட கூடாதுன்னு தான்னு. பத்தாததுக்கு நம்ம பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரிலயே அமுதம்னு தாய்ப்பால் வங்கி இருக்கு, பால் பத்தலனா இன்னொரு அம்மா பால் குடுக்கற காலம்னாரு. பெரியவரு டின்ன திருப்பி கடைல குடுத்துட்டு வர்றேன்னு போனாரு, திரும்பி வந்தாரான்னு நான் பாக்கல. வர்றத எல்லாம் வாங்கி போட்டுக்கறது தான் வசூல்னு நெனைக்கறவங்க நடுவுல வேணாம்னு சொல்ல தெரிஞ்ச குரூப்ப நான் இப்பதான் பாக்கறேன்.

பின்னாடி நின்னவரு அடுத்த கேள்விய போட்டாரு, "கவர்மெண்ட் ஆஸ்பத்திரில எல்லாம் ஃப்ரீ தானே, அப்புறம் இன்னாத்துக்கு வசூலு?" நியாயமான கேள்வி. ஃப்ரீ தான். 2011ல வந்த மத்திய அரசு திட்டத்துல பிரசவம், கைக்கொழந்தை வைத்தியம், மருந்து, டெஸ்ட், வீட்டுல இருந்து ஆஸ்பத்திரிக்கு வண்டி எல்லாம் இலவசம், நம்ம தமிழ்நாட்டுல முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேற இருக்கு, குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும். அத யாரும் இல்லன்னு சொல்லல. ஆனா மெஷினுக்கு ஒரு ஸ்பேர் வேணும்னா இண்டென்ட் போட்டு, கொட்டேஷன் வாங்கி, சாங்ஷன் ஆகி வர்ற வரைக்கும் கொழந்தை காத்துகினு இருக்குமா, அந்த இடைவெளிக்கு தான் இந்த காசு. இன்னொண்ணு, கூட இருக்கறவங்க செலவு எந்த திட்டத்துலயும் முழுசா அடங்காது. திட்டக்குடி, ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோயில்ல இருந்தெல்லாம் வர்றாங்க, கொழந்தை வாரக்கணக்குல உள்ள இருக்கும், அப்பன்காரன் கூலி வேலைக்கு போறதா, வராண்டால படுக்கறதா? இந்த குரூப்பு லாபத்துல ஒரு பங்க தனியா எடுத்து வெச்சு அவங்களுக்கு மதிய சாப்பாட்டு டோக்கனும் பஸ் காசும் குடுக்கறாங்க. சார்ட்ல அதுக்கும் ஒரு வரி இருந்துச்சு.

கொற சொல்லாம விட்டா அது ரிவ்யூ இல்ல. லிஸ்ட்ல பேபி கிட்னு ஒண்ணு இருந்துச்சு, சோப்பு, பவுடர், வாசனை எண்ணெ, பொம்மை. இது சிஸ்டர் குடுத்த லிஸ்ட்ல இல்ல, குரூப்புல யாரோ ஆசைப்பட்டு சேத்தது. அந்த வார்டுல பவுடர் தொடவே மாட்டாங்க, மூச்சுல போகும், பொம்மை உள்ளயே வராது. அந்த காசுக்கு தொப்பியும் காலுறையும் வாங்கியிருக்கலாம், பச்சக்கொழந்தைக்கு தலை வழியா நெறைய சூடு போயிடும். அக்காகிட்ட சொன்னேன், அடுத்த தடவ எடுத்துடறோம் சார்னாங்க. இன்னொரு கொற, ஸ்டெபிலைசர். நம்ம ஊருக்காரங்களுக்கு கரண்ட பத்தி நான் பாடம் எடுக்க வேணாம், 2011 தானே புயலுக்கு அப்புறம் வாரக்கணக்குல இருட்டுல கெடந்தோம், 2024ல ஃபெஞ்சல் வேற வந்துட்டு போச்சு. ஜெனரேட்டர் எல்லா ஆஸ்பத்திரிலயும் இருக்கு, பிரச்சன அது இல்ல, கரண்ட் போயி வர்றப்ப வோல்டேஜ் எகிறி குதிச்சு போர்டு அடிச்சுட்டு போயிடும், நான் மாத்தற போர்டுல பாதி அப்படி செத்தது தான். ஒரு நல்ல ஸ்டெபிலைசரும் அதுக்கு ஒழுங்கா எர்த்தும் போட்டு குடுத்தா வார்டுல இருக்கற எல்லா மெஷினுக்கும் ஆயுசு கூடும். அடுத்த லிஸ்ட்ல இத சேக்க சொல்லி எழுதி குடுத்துட்டு வந்திருக்கேன்.

வரி விலக்கு கேக்கறவங்களுக்கு. இவங்க ட்ரஸ்ட் இல்ல, அதனால 80ஜி ரசீது கிடைக்காது, கேட்டதும் முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க. 80ஜி வேணும்னா பதிவு பண்ண ட்ரஸ்டுக்கு குடுத்து 10பிஇ சர்டிபிகேட் வாங்கணும், ரொக்கமா குடுத்தா 2000 ரூபாய்க்கு மேல கணக்குல சேராது, புது வரி முறைல இருக்கீங்கன்னா அந்த விலக்கே கிடையாது. இத பேசறப்ப ஆன்லைன்ல வசூல் பண்ற ஆப்புங்க ஞாபகம் வருது, ஒண்ணுல நான் போன வருஷம் காசு போட்டேன், பேரு வேணாம், 1000 ரூபா போட போனா அடில டிப்ஸ்னு அவனே ஒரு பர்சன்டேஜ டிக் பண்ணி வெச்சிருக்கான், அத சைபருக்கு கொண்டு வர்ற எடத்த கண்டுபுடிக்கறதுக்குள்ள தாவு தீந்துடுச்சு. அது கூட பரவால்ல, மூக்குல குழாய் சொருவி கெடக்கற கொழந்தை போட்டோவ போட்டு காசு கேக்கறாங்களே, அந்த கொழந்தை நாளைக்கு வளந்து அத பாக்காதா? இவங்க போஸ்டர்ல ஒரு கொழந்தை போட்டோ இல்ல. ஒரு தேக்சா படம் தான் இருந்துச்சு.

பிரியாணி போட்டதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு வாட்ஸப்ல ஒரு போட்டோ வந்துச்சு. டோக்கன் வாங்குன எல்லாருக்கும் அனுப்பியிருந்தாங்க. சால்வை போத்தற போட்டோவா இருக்கும்னு தான் நெனைச்சேன். இல்ல, ஆஸ்பத்திரி ஸ்டோர் ஸ்டாக் ரெஜிஸ்டரோட ஒரு பக்கம். எந்த தேதில என்ன வந்துச்சு, எத்தனை, பக்க எண், ஸ்டோர் கீப்பர் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப். ஸ்கின் ப்ரோப்ன்ற எடத்துல ஸ்பெல்லிங் தப்பா இருந்துச்சு, அடிச்சு பக்கத்துல திருத்தி எழுதியிருந்தாங்க, அதுக்கும் ஒரு சின்ன கையெழுத்து. கூடவே பில்லு எல்லாம் வரிசையா போட்டோ எடுத்து. ஸ்டாக்ல ஏறுன பொருள் தான் ஆஸ்பத்திரி பொருள், ஆடிட்ல வரும், காணாம போனா ஒருத்தர் பதில் சொல்லணும், ஸ்பேர் கேட்டு இண்டென்ட் போடலாம். நேரா வார்டுல கொண்டு போயி வெச்சிட்டு செல்ஃபி எடுத்துட்டு வர்ற பொருளுக்கு இது எதுவும் கிடையாது, அது கெட்டு போனா என்ன மாதிரி ஆள கூப்புடவே வழி இல்ல. இவங்க வார்டுக்குள்ள போகவும் இல்லயாம், வாசல்லயே சிஸ்டர் நிறுத்திட்டாங்க, இன்ஃபெக்‌ஷன் வரும்னு. பசங்களுக்கு அதுல கொஞ்சம் வருத்தம். எனக்கு சந்தோஷம்.

அடுத்தது நவம்பர்ல போடறாங்க, 17ம் தேதி உலக கொற மாச கொழந்தைங்க தினம் வருதே, அத ஒட்டி வர்ற ஞாயித்துக்கிழமை. மட்டனா சிக்கனான்னு குரூப்புல இப்பவே சண்டை ஓடுது, மட்டன் போட்டா விலை எகிறி வார்டுக்கு போற காசு கொறையும், சிக்கனே போடுங்கன்னு நான் ஓட்டு போட்டிருக்கேன். பாத்திரம் எடுத்துட்டு போனா டப்பா காசு கழிச்சு தருவாங்களாம், கடலூர் ஓல்டு டவுன், செம்மண்டலம் வரைக்கும் ஆட்டோல டெலிவரியும் உண்டு, பாண்டிக்கு கிடையாது, தவளக்குப்பம் வரைக்குமாவது வந்து குடுக்க மாட்டீங்களான்னு கேட்டா ஆட்டோ அண்ணன் பார்டர் தாண்டுனா பர்மிட் பிரச்சனன்னு சிரிக்கறாரு. வெயில் ஏறதுக்கு முன்னாடி போயி வாங்கிடுங்க, தயிர் வெங்காயத்த நம்பாதீங்க, வீட்லயே வெட்டிக்கங்க. மாஸ்டர் இத படிச்சா ஒரே ஒரு விண்ணப்பம், கொத்சு மட்டும் தனியா கால் கிலோ டப்பால போட்டு 60 ரூபான்னு வெச்சு வில்லுங்க, அதுல செலவு போக முக்கால்வாசி வார்டுக்கே மிஞ்சும், நான் அஞ்சு டப்பா சொல்லி வெச்சாச்சு.